தோட்டாவைத் தேடிய பெல்லும் தோட்டைத் தேடிய நானும்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொலைத்தொடர்புப் பொறியியல் துறை)



அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்றதும் உங்கள் எல்லோருக்கும் டெலிபோன்தான் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்த பெயர் அது. எனக்கு இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் எங்கள் வீட்டுப் பின்பக்கத்துத் துவைக்கும் கல்லும் அம்மாவின் ஒற்றைத் தோடும்தான் ஞாபகம் வருகின்றன. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சென்ற ஆண்டு நாங்கள் நண்பர்கள் நாலு பேர், ஆளுக்கு நானூறு ரூபாய் போட்டு ஒரு பழைய மெட்டல் டிடெக்டர் வாங்கினோம். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டுப் போன கருவி அது. நீளக் கம்பு, நுனியில் தட்டு மாதிரி காயில், மேலே ஒரு பெட்டி, முள் ஆடும் மீட்டர். எங்களைவிட வயதில் மூத்தது. பிராஜெக்டுக்கு என்று வீட்டில் சொன்னோம். உண்மை அதுவல்ல. 1980-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒருவர் இப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு நடந்து, 27 கிலோ எடையுள்ள ஒரே தங்கக் கட்டியை எடுத்தாராம். அதைப் படித்த நாளிலிருந்து எங்கள் நாலு பேருக்கும் தூக்கம் இல்லை. தங்கம் தேடப் போவதாக முடிவே செய்துவிட்டோம்!

வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தால், பேட்டரி வைக்கும் இடம் முழுக்கப் பச்சைக் களிம்பு. குமிழைத் திருகினால் கரகரவென்று சத்தம். காயிலுக்குப் போகும் ஒயர், கம்போடு சேரும் இடத்தில் உள்ளுக்குள்ளேயே அறுந்திருந்தது. பழைய கருவி வாங்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பளபளப்பைப் பார்க்காதீர்கள். முதலில் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். ஒயரை அசைத்துக்கொண்டே சத்தம் விட்டு விட்டு வருகிறதா என்று கேளுங்கள். காயிலில் விரிசல் உண்டா என்று தடவிப் பாருங்கள். இதில் ஒன்றையும் நாங்கள் செய்யவில்லை. ஒரு வாரம் சால்டரிங் அயர்ன் கையுமாக உட்கார்ந்து ஒரு வழியாக உயிர் கொடுத்தோம்.

என் தாத்தா கோலார் தங்க வயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடும் வரை அங்கே இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். எங்கள் கருவியைப் பார்த்துவிட்டு, தங்கம் சும்மா தரையில கெடக்காதுடா பேராண்டி என்று சிரித்தார். கோலாரில் தங்கம் வெள்ளைக்கல் பாறைக்குள்ளே பொடிப் பொடியாக ஒளிந்திருக்கும். டன் கணக்கில் பாறையை வெட்டி, மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் போட்டால்தான் கிராம் கணக்கில் கிடைக்கும். அந்தப் பொடிக்கு உன் மிஷின் வாயைத் திறக்காது என்றார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கட்டியாகக் கிடந்தால்தான் கருவி கத்தும்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தோடு தொலைந்தது. துணி துவைக்கும்போது திருகு கழன்று விழுந்திருக்கிறது. சாயங்காலம்தான் காதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். எங்கள் வீட்டில் தங்கம் என்று இருந்தது அந்த ஒரு ஜோடித் தோடுதான். ஒவ்வொரு செமஸ்டருக்கும் அது அடகுக் கடைக்குப் போகும், அப்பா மூட்டை தூக்கிய கூலியில் மீண்டு வரும். எங்கள் குடும்பத்திலேயே முதலில் படிக்க வந்தவன் நான். நான் படிப்பதே அந்தத் தோட்டினால்தான். அடுத்த கட்டணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

மிஷினை எடுத்துக்கொண்டு ஓடினேன். துவைக்கும் கல்லைச் சுற்றி எங்கே வைத்தாலும் கத்துகிறது! கண்ட இடத்தில் கொத்தினேன். கிடைத்தவை ஆணி, சோடா மூடி, தகரத் துண்டு. இரண்டு நாள் கழித்து, இது பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய மிஷின் என்று திட்டி மூலையில் சாத்திவிட்டேன். கல்லூரியில் எங்கள் சாரிடம் சொன்னபோது, மிஷினைத் திட்டுவதற்கு முன்னால் அதைக் கண்டுபிடித்தவர் என்ன பாடுபட்டார் என்று படித்துவிட்டு வா என்று நூலகத்துக்கு அனுப்பினார். அங்கே படித்துத் தெரிந்துகொண்டதுதான் பெல்லின் கதை.

காது கேளாத வீட்டில் பிறந்தவர்

பெல் 1847 மார்ச் 3-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தாத்தா, அப்பா இருவருமே உச்சரிப்புக் கற்றுத் தருவதைத் தொழிலாகக் கொண்டவர்கள். பேசும்போது நாக்கும் உதடும் எங்கே எப்படி அசைகின்றன என்பதை எழுத்துக் குறிகளாக எழுதிக் காட்டும் ஒரு முறையையே அப்பா மெல்வில் பெல் உருவாக்கினார். ஆனால் தாய் எலிசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. மற்றவர்கள் அந்த அம்மாளிடம் ஊதுகுழல் போன்ற கருவியை வைத்துக் கத்திப் பேசுவார்கள். சிறுவன் பெல் மட்டும் அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்துத் தணிந்த குரலில் பேசுவான். அந்த அதிர்வு அம்மாவுக்குப் புரியும். ஒலி என்பது அதிர்வு என்ற பாடத்தை அவர் படித்தது புத்தகத்தில் அல்ல, தாயின் நெற்றியில்!

தம்பி 1867-லும் அண்ணன் 1870-லும் காசநோயால் இறந்தார்கள். மிஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் 1870-ல் கடல் கடந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்த ஆண்டே பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குப் போய், காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுக் கற்றுத் தரும் ஆசிரியரானார். பகலில் பாடம், இரவில் ஒயரும் காயிலும். ஒரே கம்பியில் பல தந்திகளை ஒரே நேரத்தில் அனுப்ப முடியுமா என்பதுதான் அவர் ஆராய்ச்சி.

பெல்லுக்கு யோசனை உண்டு, கை வேலை அவ்வளவாக வராது. அந்தக் குறையைத் தீர்த்தவர் தாமஸ் வாட்சன். சேலத்தில் பிறந்தவர்! நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சேலம். குதிரை லாயத்தில் மேஸ்திரியாக இருந்தவரின் மகன். பதினாலு வயதில் படிப்பை நிறுத்தி, பிறகு பாஸ்டனில் ஒரு மின்கருவிப் பட்டறையில் வேலை பார்த்தவர். பெல் வரைந்து காட்டியதை வாட்சன் செய்து காட்டினார். இவரைப் பற்றிப் படித்தபோது, இவர் நம்ம ஆள் என்று தோன்றியது. நண்பர்களே, டிப்ளமோ படிக்கும் நமக்கு வாட்சன்தான் முன்னோர்.

1876 பிப்ரவரி 14-ஆம் தேதி டெலிபோனுக்குக் காப்புரிமை கேட்டு பெல் சார்பில் விண்ணப்பம் போடப்பட்டது. அதே நாளில் எலிஷா கிரே என்பவரும் ஏறக்குறைய அதே கருத்தைப் பதிவு செய்ய வந்தார். மார்ச் 7-ல் பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்தது. அது கிடைத்த மூன்றாம் நாள், மார்ச் 10-ஆம் தேதிதான், பக்கத்து அறையில் இருந்த வாட்சனைப் பெல் கூப்பிட்டது கம்பி வழியே தெளிவாகக் கேட்டது. பிறகு நூற்றுக்கணக்கான வழக்குகள். 1888-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெல்லின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனாலும் முதலில் கண்டுபிடித்தது யார் என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை.

1877 ஜூலையில் மேபல் ஹப்பார்டை மணந்தார். சிறு வயதில் காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர் மேபல். உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். கம்பெனியில் தமக்கிருந்த பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அத்தனையையும் மனைவிக்கே கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டார் பெல். உலகத்துக்கே டெலிபோன் தந்தவரின் தாயும் மனைவியும் அதைக் காதில் வைத்துக் கேட்க முடியாதவர்கள்!

ஜனாதிபதியின் உடம்பில் ஒரு தோட்டா

1881 ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். ஒரு தோட்டா முதுகு வழியாக உள்ளே போய்த் தங்கிவிட்டது. அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-ல்தான். டாக்டர்கள் கழுவாத விரலையும் கருவியையும் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள்.

பெல்லுக்கு அப்போது 34 வயது. உலகப் புகழ் வந்துவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவரால் இருக்க முடியவில்லை. லண்டனில் பேராசிரியர் ஹியூஸ் 1879-ல் செய்து காட்டிய தூண்டல் சமநிலைக் கருவி அவருக்குத் தெரியும். நம் பாடத்தில் வரும் மின்காந்தத் தூண்டல்தான் அது. ஒரு காயிலில் விட்டு விட்டு மின்சாரம் செலுத்த வேண்டும். இன்னொரு காயிலில் டெலிபோன் ரிசீவரை மாட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்குமாறு நகர்த்தி வைத்தால் ஓர் இடத்தில் சத்தம் அடங்கிவிடும். அந்த நிலையில் பக்கத்தில் ஏதாவது உலோகம் வந்தால் சமநிலை கெட்டு, ரிசீவரில் சத்தம் கேட்கும். எங்கள் பழைய மிஷினின் காயில் மூடியைக் கழற்றியபோது உள்ளே இருந்ததும் இப்படி ஏறி உட்கார்ந்த இரண்டு காயில்கள்தான்!

பெல்லும் உதவியாளர் டெயின்டரும் வாஷிங்டனில் இரவு பகலாக உழைத்தார்கள். இறைச்சிக்குள் தோட்டாவை மறைத்து வைத்துத் தேடிப் பார்த்தார்கள். உள்நாட்டுப் போரில் குண்டடி பட்டு, தோட்டாவை உடம்பிலேயே சுமந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களை வரவழைத்துச் சோதித்தார்கள். கருவி கண்டுபிடித்தது.

ஜூலை 26-ஆம் தேதி மாலை வெள்ளை மாளிகையில் முதல் சோதனை. கருவியில் படபடவென்று வேண்டாத சத்தம். ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தால், அவசரத்தில் ஒரு கண்டென்சரைத் தவறாக இணைத்திருந்தது தெரிந்தது. லேபில் கனெக்ஷன் தப்பாகக் கொடுத்து நாம் திட்டு வாங்குகிறோமே, அதே தவறு! அவருக்கு அது நடந்தது நாட்டின் ஜனாதிபதி படுக்கைக்கு முன்னால்.

ஆகஸ்ட் 1-ல் இரண்டாவது சோதனை. இந்த முறை கருவி ஒழுங்காக இருந்தது. ஆனால் ஓர் இடத்தில் கேட்க வேண்டிய சத்தம், அகலமான பரப்பு முழுவதும் லேசாகக் கேட்டது. தலைமை மருத்துவர் பிளிஸ், தோட்டா வலது பக்கம்தான் இருக்கிறது என்று தீர்மானமாக நம்பியவர். அந்தப் பக்கத்தை மட்டுமே பெல்லைச் சோதிக்க விட்டார். கேட்ட சத்தத்தையும் தம் கருத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார். பெல்லுக்கோ மனம் ஆறவில்லை. மறுநாளே போய் விசாரித்தார். ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பி பின்னிய இன்னொரு மெத்தை இருந்தது! அந்தக் கம்பிதான் கருவியை ஏமாற்றியது என்று பலர் எழுதுகிறார்கள். பெல் அதே மாதிரி மெத்தை ஒன்றை வரவழைத்துச் சோதித்துப் பார்த்து, அதனால் பெரிய கெடுதல் இல்லை என்றே முடிவுக்கு வந்தார். சந்தேகம் வந்தால் அதையும் சோதித்துப் பார்ப்பது அவர் குணம்.

செப்டம்பர் 19-ஆம் தேதி, 79 நாள் போராடிய பிறகு கார்ஃபீல்ட் இறந்தார். காயத்தில் புகுந்த கிருமிதான் அவரைக் கொன்றது என்பது இன்றைய மருத்துவர்களின் கருத்து. பிரேதப் பரிசோதனையில் தோட்டா இருந்தது முதுகெலும்புக்கு இடது பக்கம், ஆழத்தில். தேடிய பக்கமே தவறு. இடது பக்கம் சோதித்திருந்தாலும் அவ்வளவு ஆழத்தில் கருவிக்கு எட்டியிருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் அந்தப் பக்கம் கருவி போகவே இல்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெல் இந்த வேலையில் மூழ்கியிருந்த அந்தக் கோடையில் மேபல் கர்ப்பமாக இருந்தார். ஆகஸ்ட் 15-ல் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. மூச்சுவிடத் திணறி அன்றே இறந்துபோனது. இதைப் படித்த அன்று நூலகத்தில் மேற்கொண்டு பக்கத்தைப் புரட்ட எனக்கு மனம் வரவில்லை. பெல் அந்தத் துக்கத்திலும் சும்மா உட்காரவில்லை. மார்பைச் சுற்றி மாட்டி, உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து மூச்சை வரவழைக்கும் ஓர் உலோகச் சட்டையைச் செய்தார். 1928-ல் பயன்பாட்டுக்கு வந்த இரும்பு நுரையீரல் கருவிக்கு அது ஒரு முன்னோடி.

அதற்குப் பிறகு

பெல்லின் கருவி வீணாகவில்லை. தம் சோதனைகளைத் தோல்வி உட்பட விவரமாக 1882-ல் அறிஞர்கள் சபை முன் வைத்தார். தூண்டல் தத்துவம் வளர்ந்துகொண்டே போனது. அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர் கெர்ஹார்டு ஃபிஷர், தூக்கிச் செல்லக்கூடிய உலோகம் காட்டும் கருவிக்கு 1937-ல் காப்புரிமை பெற்றார். போலந்து அதிகாரி கொசாட்ஸ்கி 1941-ல் உருவாக்கிய கண்ணிவெடி காட்டும் கருவி 1942-ல் எல் அலமைன் போர்க்களத்தில் பலர் உயிரைக் காத்தது. ஒரு மனித உடம்பில் தோட்டாவைத் தேடத் தொடங்கியதுதான் விக்டோரியாவின் தங்கக் கட்டி வரை வந்திருக்கிறது.

பெல் கனடாவின் படெக் ஊரில் வீடு கட்டிக்கொண்டு கடைசி வரை ஆராய்ச்சி செய்தார். அவர் குழு கட்டிய விமானம் 1909-ல் அங்கே உறைந்த ஏரியின் மேலிருந்து எழும்பிப் பறந்தது. 1919-ல் அவர்கள் செய்த நீர்மேல் எழும்பி ஓடும் படகு மணிக்கு 114 கிலோமீட்டர் வேகம் காட்டியது. பார்வையும் கேள்வியும் இழந்த ஹெலன் கெல்லருக்கு நல்ல ஆசிரியை கிடைக்க வழிகாட்டியவரும் அவரே. குறையும் உண்டு. காது கேளாதவர்கள் சைகை மொழியை விட்டுவிட்டு வாய்ப்பேச்சையே கற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதனால் தங்கள் மொழிக்கே கேடு வந்தது என்று காது கேளாதோர் இன்றும் வருத்தப்படுகிறார்கள். டாக்டர் பிளிஸ் ஒரு பக்கத்தையே பார்த்தார் என்று குறை சொன்ன நாம், பெல்லும் இந்த விஷயத்தில் ஒரு பக்கத்தையே பார்த்தார் என்பதை மறைக்கக் கூடாது. 1922 ஆகஸ்ட் 2-ல் பெல் காலமானார். அடக்கம் நடந்த நேரத்தில் வட அமெரிக்காவின் டெலிபோன்கள் எல்லாம் ஒரு நிமிடம் மௌனமாயின.

மறுபடியும் துவைக்கும் கல்

புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூலையில் கிடந்த மிஷினை எடுத்தேன். பெல் செய்ததை வரிசையாகச் செய்தேன். முதலில், தெரிந்த பொருளை வைத்துச் சோதனை. அம்மாவிடம் மிச்சமிருந்த ஒற்றைத் தோட்டை வாங்கி மண்ணுக்குள் வைத்துப் பார்த்தேன். மூன்று விரல் ஆழம் வரைதான் சத்தம் வந்தது. அதற்குக் கீழே போனால் மிஷின் ஊமை. இது எனக்கு முன்னால் தெரியாது. அடுத்து, கீழே என்ன இருக்கிறது என்று விசாரித்தேன். துவைக்கும் இடத்துச் சிமெண்டுத் தளத்துக்கு அடியில் கம்பி கட்டித்தான் போட்டோம் என்றார் அப்பா. எங்கே வைத்தாலும் கத்தியதன் ரகசியம் அதுதான்! அவருடைய மெத்தை எப்படியோ, என்னுடைய மெத்தை என்னை நன்றாகவே ஏமாற்றியிருந்தது.

மிஷினை மண்ணுக்குக் கொண்டுபோகாமல், மண்ணை மிஷினுக்குக் கொண்டுவந்தேன். இது தாத்தா சொன்ன வழி. சாக்கடை ஓரத்து மண்ணை மேலாகச் சுரண்டி, ஒரு பிளாஸ்டிக் முறத்தில் பரப்பி, தெருப்பக்கத்துத் திண்ணையில் இரும்பு இல்லாத இடமாகப் பார்த்து வைத்து ஒவ்வொரு முறமாகச் சோதித்தோம். தண்ணீர் ஓடும் பக்கம் மட்டும் இல்லை, யாரும் சந்தேகப்படாத எதிர்ப்பக்கத்து மண்ணையும் எடுத்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம், அந்த எதிர்ப்பக்கத்து மண்ணில்தான் மிஷின் முனகியது. தாத்தா விரலால் கிளறினார். சேற்றுக்குள் மஞ்சளாக ஒரு புள்ளி. அம்மா ஒன்றும் பேசவில்லை. தோட்டை வாங்கிக் கழுவி, முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரம் அது வழக்கம்போல் அடகுக் கடைக்குப் போனது. நான் வழக்கம்போல் கல்லூரிக்கு வந்தேன்.

தங்கம் தேடும் ஆசை எங்கள் நாலு பேருக்கும் இன்னும் விட்டுப்போகவில்லை. மிஷினும் இருக்கிறது. ஆனால் நண்பர்களே, இப்போதெல்லாம் எங்கள் லேபில் ஒரு மீட்டர் தப்பாகக் காட்டினால் அதை உடனே திட்டுவதில்லை. தெரிந்த ஒன்றை வைத்து முதலில் சோதிக்கிறேன். அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறேன். பெரியவர்கள் யார் சொன்னாலும் மறுபக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். இந்த மூன்றையும் எனக்குக் கற்றுக் கொடுத்தது பெல் பெற்ற வெற்றி அல்ல. அவர் மறைக்காமல் எழுதி வைத்த தோல்வி.